அறுநூறு ஸ்வெட்டரும் ஒரு விளக்கக் கடிதமும்

துணி பொய் சொல்கிறதா, காகிதம் பொய் சொல்கிறதா என்று கேட்டான் கசாக் எல்லைச் சாவடியின் சுங்க அதிகாரி எர்தென். கேட்டுவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தான். அவனுக்கென்ன, அவன் பாட்டுக்குக் குடிப்பான். எதிரே நின்ற சைரகானுக்குத்தான் நாக்கு உலர்ந்துபோயிற்று.

மேசைமேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடந்தது. சாயம் போடாத ஆட்டு ரோமம், தடித்த பின்னல், கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு லேபிள். துருக்கியில் தயாரானது என்றது லேபிள். பக்கத்தில் முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று இருந்தது. இந்த அறுநூறு ஸ்வெட்டரும் கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில், சைரகானின் பட்டறையில் பின்னப்பட்டவை என்றது சான்றிதழ்.

"அக்கா, துருக்கிச் சரக்குன்னா வெளிநாட்டு வரி கட்டணும். அதுக்கு உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல. கிர்கிஸ் சரக்குன்னா வரியே இல்ல, நமக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. ஆனா லேபிள் பொய்யாயிடும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான் எர்தென்.

"எங்க பட்டறைச் சரக்குதான் தம்பி. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"அப்ப துருக்கி எங்கேர்ந்து வந்துச்சு?"

இதை ஒரு கசாக் அதிகாரிக்கு எப்படி விளக்குவது! எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இது பொய் என்று யாருக்கும் தோன்றியதே கிடையாது. பின்னல் ஒழுங்காக வந்திருந்தால் துருக்கி. ரொம்ப ஒழுங்காக வந்திருந்தால் இத்தாலி. கை கோணிப் போயிருந்தால் லேபிளே வேண்டாம், மூட்டை கட்டி ஓரமாகப் போடு. பொத்தானும் ஜிப்பும் விற்கிற கடையிலேயே லேபிள் சுருளும் விற்கிறார்கள், முழக்கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். நல்ல சரக்குக்கு நம் ஊர்ப் பேரைப் போடுவது அந்தச் சரக்கை அவமானப்படுத்துவது என்றுதான் சைரகான் பதினோரு வருடமாக நினைத்திருந்தாள். லாரியைத் திறந்து பார்க்கிற வழக்கமும் அப்போது இல்லை. காகிதத்தைப் பார்ப்பார்கள், முத்திரை குத்துவார்கள், போ என்பார்கள். இந்த மாதம்தான் வந்தது வினை. வெளிநாட்டுத் துணியை உள்ளூர்த் துணி என்று சொல்லி வரியில்லாமல் கடத்துகிறார்களாம். அதனால் எல்லா மூட்டையையும் பிரித்து மேய்கிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தத் தடவை வாங்குகிறவளே துருக்கி வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எல்லை தாண்டி, கசாக் நகரமான அல்மாட்டியில் கடை வைத்திருக்கும் ரவ்ஷான் கோடையிலேயே போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

"சைரா, காலம் மாறிப் போச்சு. இப்ப பொண்ணுங்க பளபளா துணியைச் சீந்தறதில்ல. அரிக்கணும், கனமா இருக்கணும், ஆட்டு நிறத்துலயே இருக்கணும். அதைப் போட்டுக்கிட்டு குட்டைப் பாவாடையோட காபி குடிக்கப் போறாளுங்க. நம்ம மலை, நம்ம ஆடுன்னு லேபிள்ல இருந்தாத்தான் எடுப்பாளுங்க. கிர்கிஸ்தான்னு பெரிசாப் போடு."

"சரி சரி, போட்டுடறேன்" என்றாள் சைரகான். போனை வைத்ததும் சிரித்தாள். ஆட்டு நிறமாம்! அந்த ரோமத்தை நேற்றுவரை குதிரைச் சேணத்துக்கு அடியில் போடத்தான் கேட்பார்கள். கிர்கிஸ்தான் என்று போட்டால், வாங்கும்போது இது கிர்கிஸ் சரக்குதானே, விலையைக் குறை என்று ரவ்ஷான் மூக்கைச் சுளிப்பாள், நமக்கா தெரியாது இவர்களின் வியாபாரம்? அறுநூறும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வந்திருந்தன. இத்தனை அழகான சரக்கை மொட்டையாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. துருக்கிச் சுருளை எடுத்து, லேபிள் தைக்கிற புருல்சாவிடம் நீட்டினாள். ரவ்ஷான் பார்த்ததும் வாயடைத்துப் போவாள் என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

இப்போது வாயடைத்து நிற்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"விளக்கக் கடிதம் எழுதுங்க" என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினான் எர்தென். எங்கள் பக்கத்தில் எதற்கும் விளக்கக் கடிதம்தான். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாலும், மாடு பக்கத்து வயலில் மேய்ந்தாலும், கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'நான், இன்னார் மகள் இன்னார், விளக்குவதாவது' என்று தொடங்காத மனுஷி யாரும் இருக்க முடியாது.

"என்னன்னு எழுதட்டும் தம்பி?"

எர்தென் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். கெட்டவன் இல்லை அவன். "வேலைக்காரங்க தவறுன்னா சின்ன விஷயம். பழைய சுருளைத் தெரியாம எடுத்துத் தச்சுட்டாங்க, அவ்வளவுதான். இந்த முற்றத்துலயே வச்சு லேபிளை மாத்துங்க, நாளைக்கே லாரி போகலாம். முதலாளி தெரிஞ்சே தச்சதுன்னா சரக்கு மொத்தமும் திரும்பிடும். ஆறு மாசத்துக்கு உங்க பட்டறைச் சரக்கு எந்தச் சாவடியிலயும் நுழைய முடியாது."

"நான்தான் தெரியாம தச்சேன்னு எழுதிடறேனே."

"முதலாளியே தெரியாம தச்சதுங்கிற பேச்சு எங்க சட்டத்துல இல்ல அக்கா. தச்சவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்க பேரு கம்ப்யூட்டர்ல ஏறும். ஒரு வருஷம் எல்லை தாண்ட முடியாது, வேற தொந்தரவு கிடையாது."

ஆறு மாதம் என்றால் குளிர்காலம் முழுக்க. குளிர்காலம் போனால் கம்பளியை யார் தொடுவார்கள்? இந்த ஒரு ஆர்டரை நம்பி சந்தைக்காரர்களின் சில்லறை ஆர்டரையெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் சைரகான். வெள்ளிக்கிழமை காலையில் ரவ்ஷான் தன் புதுக் கடையைத் திறக்கிறாள். இன்று புதன். லாரி போகாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான், பதினேழு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பட்டறையில் லேபிள் தைப்பவள் ஒருத்திதான், பதிவேட்டிலும் அவள் பேர்தான் இருந்தது. சைரகான் வெளியே வந்து புருல்சாவைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அச்சகத்துல கிர்கிஸ்தான் லேபிள் அறுநூறு அவசரமா அடிச்சு வாங்கிக்கிட்டு எல்லைக்கு வாங்க. இங்க ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்."

ஒரு வருஷக் கதையை அவள் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், புருல்சாவின் ஒரே மகள் சல்கின் இருப்பது அல்மாட்டியில். நிறைமாதம். மாமியார் உயிரோடு இல்லை, புருஷனோ கட்டட வேலைக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பிள்ளை பிறந்து நாற்பது நாள் தாய் கூட இருப்பது எங்களில் வழக்கம். புருல்சா இரண்டு மாதமாக வேறு பேச்சே பேசவில்லை. எந்த மினிபஸ், எத்தனை மணிக்கு, தொட்டில் துணிக்கு எந்த நிறம், எல்லாம் பட்டறையில் பதினேழு பேருக்கும் மனப்பாடம்.

சைரகானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். இன்னொரு தடவை நடந்தாள். லாரி வரிசை எல்லை ஆற்றுப் பாலம் வரைக்கும் நின்றது. சமோசா விற்கிறவள் ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு கூவிப் போனாள். லாரிக்காரன் மெலிஸ் கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"சைரகான், உக்காரேன். நீ சுத்தறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

"உனக்கென்ன, வாடகை வாங்கிட்டே."

"வாங்கிட்டேன்தான். அதுக்காக மனுஷன் இல்லாமப் போயிட்டேனா? முட்டைக்கோஸ் ஏத்தியிருந்தா இந்நேரம் அல்மாட்டியில டீ குடிச்சிருப்போம். முட்டைக்கோஸுக்கு யாரு லேபிள் கேக்கறா!"

"வாயை மூடுறியா கொஞ்சம்?"

"மூடறேன். நீயும் ஒரு இடத்துல நில்லு."

அந்த நேரம் பார்த்து ரவ்ஷான் போன் செய்தாள். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்து, பிறகு எடுத்தாள்.

"எங்க இருக்கு சரக்கு? அலமாரியெல்லாம் காலியாக் கிடக்கு சைரா. வாசல்ல நம்ம மலைக் கம்பளின்னு போர்டு வச்சுட்டேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள வரலேன்னா சொல்லிடு, சீனாக்காரன் சரக்கு கிடங்குல தயாரா நிக்குது. அவனும் மலை படம்தான் போட்டு வச்சிருக்கான்."

"வந்துடும். எல்லையில சின்னத் தாமதம்."

"என்ன தாமதம்?"

"காகிதத்துல ஏதோ முத்திரை" என்றாள் சைரகான். காலையிலிருந்து எத்தனையாவது பொய் என்று அவளுக்கே கணக்குத் தவறிவிட்டது.

மதியம் தாண்டி புருல்சா வந்து சேர்ந்தாள். பாலத்தை நடந்தே கடந்து, தலைத்துணி காற்றில் அவிழ, கையில் ஒரு பெரிய பையோடு வந்தாள். ஐம்பத்திரண்டு வயது, குரல் மட்டும் இரண்டு மைல் கேட்கும்.

"அடியே சைரா! அச்சகத்துக்காரன்கிட்ட ஒரு சண்டை போட்டுட்டு வர்றேன். எந்தப் பேரு போடணும்னு கேக்கறான். போடுடா கிர்கிஸ்தான்னு, வேற எந்தப் பேரு போடுவேன்னேன். இந்தா ரொட்டி, சூடு ஆறலை. இந்தா கத்திரிக்கோல் ஆறு, ஊசி ரெண்டு டப்பா. பொண்ணுங்க அஞ்சு பேர் பின்னாடி வர்றாளுங்க. விடியறதுக்குள்ள அறுநூறையும் மாத்திப்புடலாம். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? யாரும் செத்துப்போயிட்டாங்களா?"

"இல்லக்கா. வாங்க உள்ள."

எர்தென் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தான். சைரகான்தான் எழுதிக் கொடுத்திருந்தாள், ரஷ்ய மொழியில், இஸ்திரி போட்ட வாக்கியங்களில். 'நான், புருல்சா, என் கவனக்குறைவால், உரிமையாளருக்குத் தெரியாமல்' என்று போயிற்று அது. புருல்சா மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். பையில் இல்லை. மறந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்க போடணும் தம்பி? இங்கயா? நீங்க எந்த ஊரு? கீழ்ப் பக்கமா? என் மருமகனும் அந்தப் பக்கம்தான். என் பொண்ணுக்கு இந்த மாசம் பிரசவம். அடுத்த புதன்கிழமை இதே வழியா வருவேன், அப்ப இந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம ஒரு டீ குடுக்கணும், ஆமா. தலைப்பிரசவம் பாருங்க. பயந்து சாகுது குழந்தை. அம்மா நீ வந்துடுவேல்ல, வந்துடுவேல்லன்னு தினம் நாலு தடவை போனு."

எர்தென் பேனாவை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு சைரகானைப் பார்த்தான். ஏதாவது கேட்டிருந்தாலாவது அவள் பதில் சொல்லித் தப்பித்திருப்பாள். புருல்சா பேனாவை வாங்கிக்கொண்டாள். கொட்டை எழுத்தில் முதல் எழுத்தைப் போட்டும் விட்டாள்.

சீ, நான் ஒரு மனுஷியா என்று இருந்தது சைரகானுக்கு. அவள் கை தாளைப் பிடித்து இழுத்தது. பேனா கோணலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு மேசையில் விழுந்தது.

"என்னடி பண்றே?"

"இவங்க தப்பு இல்ல தம்பி. நான் சொல்லித்தான் தச்சாங்க. தெரிஞ்சேதான் தைக்கச் சொன்னேன். வாங்கறவ வேணாம்னு சொல்லியும் கேக்காம சொன்னேன்."

"அக்கா" என்று எர்தென் அவசரமாகக் கையை உயர்த்தினான். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்ப நீங்க சொன்னது எதுவும் விழல. யோசிச்சுச் சொல்லுங்க."

"விழட்டும் தம்பி. வேற தாள் குடுங்க."

நின்றபடியே எழுதினாள். 'நான், சைரகான், விளக்குவதாவது, லேபிள் பொய், ஸ்வெட்டர் மெய்' என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டாள். எர்தென் பெருமூச்சு விட்டுவிட்டு முத்திரையை எடுத்தான். திருப்பி அனுப்பப்படுகிறது என்ற சிவப்பு முத்திரை. குத்தின சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

வெளியே வந்ததும்தான் புருல்சாவுக்கு விஷயம் முழுக்கப் புரிந்தது. சைரகான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருஷத் தடை, ஆறு மாசத் தடை, காலையிலிருந்து தான் மறைத்தது எல்லாம். சொன்னால் புருல்சா கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள் என்று அவளுக்குள் எங்கோ ஓர் எண்ணம் இருந்தது. மறைப்பானேன், நல்ல காரியம் செய்தவளுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும்.

புருல்சா பையைத் தொப்பென்று தரையில் போட்டாள்.

"யாருடி உன்னைக் கேட்டா?"

"அக்கா, சல்கினுக்குப் பிரசவம்..."

"சல்கினுக்கு நான் அம்மாவா, நீ அம்மாவா? பதினேழு வீட்டு அடுப்புல தண்ணியை ஊத்திட்டு வந்து நிக்கிறே! நம்ம பட்டறை கனிஷாயோட புருஷன் படுத்த படுக்கை. இன்னொரு சின்னப் பொண்ணு போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தா. எல்லாரும் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைன்னு உக்காந்திருக்காளுங்க. அவளுங்களுக்கு யாரு சொல்றது? நீயே சொல்லு!"

"நீங்க ஒரு வருஷம் போக முடியாதேன்னுதான்..."

"அதை எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்! காலையில போன்ல சொல்லியிருந்தா ரொட்டி சுடற நேரத்துல யோசிச்சிருப்பேன். போடறேன்னு வந்திருப்பேன், இல்ல மாட்டேன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். ரெண்டுல ஒண்ணு. என்னை மாட்டி விடறப்பவும் நீ கேக்கல. காப்பாத்தறப்பவும் கேக்கல. நான் என்ன, நீ விரிச்சு மடிக்கிற துணியா?"

சைரகான் தலை குனிந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம், அதனால்தான் ஒவ்வொன்றும் சுட்டது. பின்னால் வந்த ஐந்து பெண்களும் பாலத்து முனையில் கத்திரிக்கோலோடு நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லப் புருல்சாதான் போனாள். என்ன சொன்னாளோ, அவர்கள் மினிபஸ் நிற்கிற பக்கம் திரும்பி நடந்தார்கள்.

சைரகான் ரவ்ஷானுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள்.

"நான் கிர்கிஸ்தான்னு போடச் சொன்னேனே சைரா" என்றாள் ரவ்ஷான். "அதுதானே எனக்கு வேணும்னு சொன்னேன்."

"நம்பலை. எங்க பேரைப் போட்டா யாராவது வாங்குவாங்கன்னு எனக்கு நம்பிக்கை வரலை."

"சரி. நான் சீனாக்காரனுக்குப் போன் பண்ணணும், வைக்கிறேன்."

மெலிஸ் லாரியைத் திருப்பினான். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், மெலிஸ், நடுவில் புருல்சா, ஜன்னலோரம் சைரகான். திரும்பிப் போகிற வரிசையும் நீளமாகத்தான் இருந்தது. மெலிஸ் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ரேடியோவையும் அணைத்தான். புருல்சா பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து மெலிஸுக்கு ஒரு துண்டு கொடுத்தாள், தான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, முகத்தைத் திருப்பாமலே, சைரகானின் மடியில் ஒரு துண்டைப் போட்டாள்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க."

"தின்னு. பேசாதே."

பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததும் புருல்சாவின் போன் அடித்தது. மகள்தான். அந்தச் சின்னக் குரல் லாரி முழுக்கக் கேட்டது. அம்மா, புதன்கிழமை நிச்சயமா வந்துடுவேல்ல? முதலாளி லீவு குடுத்துட்டாங்களா?

புருல்சா வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள். குரலை எப்போதும்போல உயர்த்திக்கொண்டாள்.

"புதன் என்னடி புதன், நாளைக்கே வர்றேன். லீவா? லீவெல்லாம் கேக்க வேண்டியதில்ல. ஆமா, முதலாளியம்மா தங்கமானவங்க. நாப்பது நாள் என்ன, வசந்தம் வரைக்கும் கூடவே இருக்கச் சொல்லிட்டாங்க. நீ பயப்படாம நல்லா சாப்பிடு."

போனைப் பையில் போட்டுவிட்டு மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். பட்டறை வாசல் வந்து சேரும்வரை சைரகான் மடியிலிருந்த ரொட்டித் துண்டைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.